காவலும் ஜாமீனும்

நமது நீதிமன்றங்களில் நாள்தோறும் புழங்கும் சொற்களைச் சற்றே கூர்ந்து கேட்போருக்கு மதரஸாவின் பாடவேளை நினைவுக்கு வரும். வக்கீல், கைதி, ஆஜர், ரத்து, ஜாமீன் ஆகிய இச்சொற்கள் யாவும் அரபியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாகவும் உருதுவின் வழியாகவும் அரசு அலுவலகங்களில் நுழைந்து, தமிழோடு ஒன்றிவிட்டவை. ‘கைதி’ என்பதன் வேர் ‘கைத்’ என்னும் அரபுச் சொல். விலங்கு என்பது அதன் பொருள். ‘ஜாமீன்’ என்பதன் மூலம் ‘ளாமின்’; ‘ரமளான்’ என்னும் சொல்லில் வரும் அதே எழுத்தே இதிலும் முதலெழுத்து. பிறனுக்காகத் தன்னைப் பொறுப்பாளியாக்கிக் கொள்பவன் என்பது அதன் பொருள்.

பொறுப்பேற்றல் பற்றிய பாடத்தை ஃபிக்ஹு நூல்களில் தொடங்கும் இமாம்கள், அதற்கு ஆதாரமாக ஸூரா யூசுபையே எடுத்துக் காட்டுவர். அரசரின் அளவைப் பாத்திரம் காணாமற்போனபோது, அதைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் உண்டு என்றும், அதற்குத் தாமே பொறுப்பு என்றும் அறிவிப்பாளர் கூறிய செய்தி அதில் வருகிறது. வியப்பு என்னவெனில், சிறையைப் பற்றிய செய்தியும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. குற்றமற்ற நபி யூசுப் (அலை) அவர்கள் சிறையில் சில ஆண்டுகளைக் கழித்தார்கள். உடனிருந்த ஒருவர் விடுதலை பெற்றபோது, அரசரிடம் தம்மைப் பற்றி எடுத்துரைக்குமாறு கேட்டுக் கொண்டார்கள். வெளியே சென்றவர் மறந்து போனார். உள்ளே இருப்போரை வெளியே இருப்போர் மறப்பது அன்று தொட்டே வரும் வழக்கம் போலும்!

இந்த மறதியைப் போக்க முன்வரும் ஒரு சமயச் சமுதாயம் எங்கே நிற்க வேண்டும்? கைதியின் பக்கத்தில் ஜாமீனாகவா, சிறைக்கதவின் பக்கத்தில் காவலாகவா? இரண்டும் உதவியே போலத் தோன்றும். ஆனால் இவற்றுக்கு இடையேயுள்ள தொலைவு எத்தகையது என்பதை, நமது நாஞ்சில் நாட்டார் நன்கறிந்த ஒரு சேனையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

நாஞ்சில் நாட்டில் நீதி

நாஞ்சில் நாட்டின் நீதி வரலாறு பழமையானது. அதில் கொடுமைகளும் உண்டு, திருத்தங்களும் உண்டு. சுசீந்திரத்தில் ‘கைமுக்கு’ என்றொரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும்; கை வெந்ததா வேகவில்லையா என்பதைக் கொண்டு அவரது குற்றம் முடிவு செய்யப்படும். 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில் அவ்வழக்கம் ஒழிந்தது. அதே திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் பெரும்பாலான குற்றங்களுக்கு மரண தண்டனையையே நீக்கிற்று. பின்னர் சமஸ்தானம் இந்தியச் சட்டங்களின் வரம்புக்குள் வந்தபோது அத்தண்டனை மீண்டும் வந்து சேர்ந்தது. தண்டனை என்பது மாற்ற முடியாத ஊழ் அன்று, மனிதர் முயன்றால் திருத்தக் கூடியதே என்பதை நமது மண்ணின் சரித்திரமே சொல்லுகிறது.

சமயப் பணியாளர் நீதியின் நாற்காலியில் அமர்ந்த நிகழ்ச்சியும் இங்கே நடந்ததுண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் என்பவர் 1818-இல் நாகர்கோவிலில் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். சமயப் பணிக்கு வந்தவர் அரசாங்கப் பதவியை வகிப்பதை லண்டனிலிருந்த மிஷன் தலைவர்கள் விரும்பவில்லை. ஏறத்தாழ ஓராண்டில் மீட் அப்பதவியைத் துறந்தார். தீர்ப்பு வழங்கும் கையும் ஆறுதல் வழங்கும் கையும் ஒன்றாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டென்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். அச்சங்கடம் பிற்காலத்தில் மிகப் பெரிய அளவில் எழுந்தது.

சேனையின் வருகை

நாகர்கோவிலிலுள்ள கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியை அறியாத குடும்பம் நமது மாவட்டத்தில் இருப்பது அரிது. 1893-இல் ஹாரி ஆண்ட்ரூஸ் என்னும் இளைஞர் தமது இருப்பிடத்தின் குளியலறையில் தொடங்கிய சிறு மருந்தகமே அதன் வித்து. 1900-ஆம் ஆண்டின் இறுதியில் டாக்டர் பெர்சி டர்னர் வந்து அதனை மருத்துவமனையாக வளர்த்தார். இதனை நடத்தும் இரட்சணிய சேனையின் மருத்துவப் பணியை யாவரும் அறிவர். அச்சேனை சிறைக்கைதிகளுக்கிடையே ஆற்றிய பணியை அறிந்தவர் சிலரே.

சேனையை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் பிரெடரிக் பூத் டக்கர். 1853-இல் பீகாரிலுள்ள மோங்கிர் நகரில் பிறந்து, இந்திய சிவில் சர்வீஸில் அதிகாரியாகப் பஞ்சாபில் பணிபுரிந்தவர். 1881-இல் பதவியை உதறிவிட்டுச் சேனையில் சேர்ந்தார். மறு ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் மூன்று தோழர்களுடன் பம்பாயில் வந்திறங்கினார். இந்நாட்டு உடையை உடுத்தி, வெறுங்காலுடன் நடந்து, ‘பக்கீர் சிங்’ என்று பெயரும் சூட்டிக் கொண்டார். ‘பக்கீர்’ என்பது நமது சொல்; இறைவன்பால் தேவையுடையவன் என்பது அதன் பொருள். தெருக்களில் ஊர்வலம் சென்றதற்காகப் பம்பாய் அதிகாரிகள் அவரைக் கைது செய்தனர். 1883-இல் அவர் ஒரு மாதம் சிறையில் இருந்தார். அதிகாரியாகச் சிறைக்கு அனுப்பியவர், கைதியாகச் சிறைக்குள் சென்றார்!

சேனை முதலில் மேற்கொண்ட சிறைப்பணி போற்றத்தக்கது. 1883-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ‘சிறைவாயில் இல்லம்’ என்ற ஒன்றை அது தொடங்கிற்று. விடுதலையாகும் மனிதன் சிறைவாயிலைத் தாண்டும் அந்தக் காலைப்பொழுதில் அவனுக்கு எதிரே இரண்டு பாதைகள் உண்டு. பழைய கூட்டாளிகள் காத்திருக்கும் பாதை ஒன்று. எவருமே காத்திராத பாதை மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் மீண்டும் சிறைக்கே கொண்டு சேர்க்கும். ஆகவே சேனையினர் வாயிலிலேயே நின்று அவனை வரவேற்று, உணவளித்து, தங்க இடம் தந்து, ஒரு தொழிலில் அமரும் வரை உடனிருந்தனர். பம்பாயிலும் கொழும்பிலும் நடைபெற்ற இத்தகைய இல்லங்களைப் பற்றிப் பூத் டக்கர் தமது நூலில் எழுதியுள்ளார். அவ்வில்லத்துக்கு வருவதும் அதை விட்டுப் போவதும் அம்மனிதனின் விருப்பம். இதனையே நாம் ஜாமீன் நிற்றல் என்கிறோம்.

சாவி கைமாறிய கதை

நாகர்கோவில் அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் பிரிட்டிஷாரின் சென்னை மாகாணம். அங்கே வேறொரு சட்டம் வந்துகொண்டிருந்தது. 1871-இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒரு குலத்தில் பிறந்ததே குற்றம் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. அக்குலத்தார் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கைரேகை தர வேண்டும். அதிகாரிகளிடம் தம் இருப்பைத் தெரிவிக்க வேண்டும். அரசு விரும்பினால் அவர்களைக் குடும்பத்தோடு ஒரு குடியேற்றத்தில் அடைக்கலாம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் செய்யலாம். மதுரைச் சீமையில் கள்ளர் மக்கள் இச்சட்டத்தை எதிர்த்து நின்றனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்ததை உசிலம்பட்டி வட்டாரம் இன்றும் மறக்கவில்லை.

இக்குடியேற்றங்களை நடத்த அரசாங்கம் சமய நிறுவனங்களை நாடிற்று. 1908-இல் கோரக்பூரில் டோம் மக்களுக்கான குடியேற்றத்தைச் சேனை ஏற்றது. 1913-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்தின் குண்டூர் ஜில்லாவில் எருகுலர் மக்களுக்காக ஸ்டூவர்ட்புரம் தோன்றிற்று. ஹரால்டு ஸ்டூவர்ட் என்ற ஆட்சிமன்ற உறுப்பினரின் பெயர் அதற்கு இடப்பட்டது. சேனையினரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அங்கே பள்ளி இருந்தது, மருந்து இருந்தது, விவசாயத்துக்கு நிலம் இருந்தது. அண்மையிலிருந்த புகையிலைத் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. ஆனால் அனுமதிச் சீட்டின்றி எவரும் வெளியே போக இயலாது. குடியேற்றத்தாரின் வருகையைச் சரிபார்த்தவர் யார்? சீட்டு எழுதித் தந்தவர் யார்? சிறைவாயிலில் கைதியின் கையைப் பற்றி வரவேற்ற அதே சேனையினர்தாம்!

இங்கேதான் வரலாறு நமக்குப் பாடம் புகட்டுகிறது. வாயிலில் நின்றபோது சேனை ஒரு மனிதனின் பெயரைக் கேட்டது. குடியேற்றத்தில் அவனது குலத்தைக் கேட்டது. வாயிலில் நின்றபோது அவன் போக விரும்பினால் வழிவிட்டது. குடியேற்றத்தில் அவன் போனால் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. உதவி செய்பவனுக்குச் சம்பளமும் அதிகாரமும் அடைப்பவனிடமிருந்தே வருமானால், எத்துணை இரக்கமுள்ள உள்ளமும் நாளடைவில் காவலனின் உள்ளமாகிவிடுகிறது. ஓர் ஆன்மாவின் சுமையை மற்றோர் ஆன்மா சுமப்பதில்லை என்பது திருக்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நெறி. தந்தையின் குற்றத்துக்காகத் தொட்டிலிலேயே பிள்ளையைப் பதிவேட்டில் எழுதும் சட்டம் அந்நெறிக்கு நேர் மாறானது.

சென்னை மாகாணம் 1947-இல் அச்சட்டத்தை நீக்கிற்று. இந்தியா முழுவதிலும் அது 1952 ஆகஸ்டு 31-இல் ஒழிந்தது. ஆயினும், சட்டம் ஒழிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும் ஸ்டூவர்ட்புரம் என்ற ஊர்ப்பெயரே திருட்டைக் குறிக்கும் வசையாக ஆந்திர நாட்டில் வழங்கிவந்தது. ஏட்டிலிருந்து பெயரை அடிப்பது எளிது. ஊராரின் நாவிலிருந்து அடிப்பதுதான் அரிது.

இமாம் அபூயூசுப் வகுத்த வழி

சேனைக்கு ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இச்சிக்கலை நமது இமாம் ஒருவர் நுணுகி ஆராய்ந்திருக்கிறார். கலீபா ஹாரூன் ரஷீதின் வேண்டுகோளுக்கு இணங்க, தலைமைக் காஜியாக விளங்கிய இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலை இயற்றினார்கள். அன்னார் ஹிஜ்ரி 182-இல் (கி.பி. 798) மறைந்தார்கள். நில வரி பற்றிய அந்நூலில் கைதிகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு.

அக்காலத்தில் கைதிகளைச் சங்கிலியுடன் தெருவுக்கு அழைத்துச் சென்று பிச்சை எடுக்க வைக்கும் வழக்கம் இருந்தது. இமாமவர்கள் அதை வன்மையாகக் கண்டித்தார்கள். பாவம் செய்து சிக்கிக்கொண்ட ஒரு முஸ்லிமை இவ்வாறு நடத்துவது தகுமா என்று கலீபாவையே வினவினார்கள். ஏழைக் கைதி ஒவ்வொருவருக்கும் மாதம் பத்து திர்ஹம் வழங்க வேண்டும் என்றும், கோடைக்கும் குளிருக்கும் தனித்தனியே உடை தர வேண்டும் என்றும், பெண் கைதிகளுக்கு முக்காடும் சேர்த்துத் தர வேண்டும் என்றும் வகுத்தார்கள். உறவினர் அற்ற கைதி இறந்தால் பைத்துல்மாலின் செலவில் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுகை நடத்தி அடக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கைதிகளுக்கு உணவளிக்கும் முறைக்கு ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் இராக்கில் காட்டிய முன்மாதிரியையும், நின்று தொழ முடியாதபடி எவரையும் விலங்கிடலாகாது என்று கலீபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் எழுதிய ஆணையையும் எடுத்துக் காட்டினார்கள்.

இவற்றுள் நமது பொருளுக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. கைதிக்கு ரொட்டியாகக் கொடுக்காதீர்கள், காசாகக் கொடுங்கள் என்கிறார்கள் இமாமவர்கள். ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக் காவலர்களே அதை எடுத்துக்கொண்டு விடுவார்களாம்! ஆகவே நேர்மையான ஒருவரைத் தனியே நியமித்து, அவர் கைதிகளின் பெயர்களை ஏட்டில் எழுதி, மாதந்தோறும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, அவரவர் கையிலேயே கொடுக்க வேண்டும். சாவி வைத்திருப்பவனிடம் சோற்றை ஒப்படைக்காதே என்பதே இதன் சாரம். அடித்தும் அச்சுறுத்தியும் பெற்ற வாக்குமூலத்தின்மீது தண்டனை வழங்கலாகாது என்பதையும் அதே நூலில் காண்கிறோம்.

இத்தகைய நுட்பம் இமாமவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அன்னாரின் ஆசிரியர் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-இல் சிறையிலேயே உயிர் நீத்ததாக வரலாற்றாசிரியர் பலர் எழுதுகின்றனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மதீனாவின் ஆளுநரால் கசையடி பெற்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் விலங்குடன் ஹாரூன் ரஷீதின் முன் நிறுத்தப்பட்டார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வாடினார்கள். ஹனபி மத்ஹபின் முப்பது பாகப் பெருநூலாகிய ‘மப்ஸூத்’தை, இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்கள் பாழ்ங்கிணற்றுச் சிறையிலிருந்தபடியே சொல்லச் சொல்ல மாணவர்கள் மேலேயிருந்து எழுதினார்கள். நாம் எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும், நமது தொழுகையின் சட்டங்கள் விலங்கையோ கசையையோ சிறையையோ கண்டவர் வழியாகவே நமக்கு வந்திருக்கின்றன. அவர்கள் சிறை சென்றது குற்றத்துக்காக அன்று, மெய்தான். எனினும், சிறை சென்றவன் என்ற ஒரே சொல்லால் ஒரு மனிதனை அளந்துவிடும் பழக்கம் நமக்கு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்றைய நிலை

1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதுவரை திருவனந்தபுரத்துப் பூஜைப்புரையை நோக்கிச் சென்ற நமது மாவட்டத்துத் தண்டனைக் கைதிகளின் பாதை, அதன்பின் பாளையங்கோட்டை மத்தியச் சிறையை நோக்கித் திரும்பிற்று. பாதை மாறினாலும், ஏழையின் கதை மாறவில்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், இன்னும் தீர்ப்பு வழங்கப்படாத விசாரணைக் கைதிகள்.

இவர்களுள் பலர் உள்ளே கிடப்பதற்குக் காரணம் குற்றத்தின் கொடுமை அன்று. ஜாமீன் நிற்க ஆளின்மையே. 1978-இல் ஒரு கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டதோடு, அவருடைய சகோதரனின் சொத்து வேறு ஜில்லாவில் இருந்ததால் அப்பிணையையும் கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடிந்து, ஏழைக்கு எட்டாத பிணையைக் கேட்பது முறையன்று எனத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டில் ஹுஸைனாரா காத்தூன் என்னும் பெண்மணியின் பெயரால் வழங்கும் வழக்கு வந்தது. விசாரணை முடிந்து தண்டனையே பெற்றிருந்தாலும் அதற்குள் விடுதலையாகியிருக்கக் கூடியவர்கள் பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கொடுமை அதில் வெளிப்பட்டது. விரைவான விசாரணை குடிமகனின் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் உரைத்தது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவும் நாம் அறிய வேண்டியது. முதன்முறையாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அக்குற்றத்துக்குரிய உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரைச் சொந்தப் பிணையில் விடுவிக்க அது வழி செய்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உள்ளோரும் இதில் அடங்கமாட்டார்கள். ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023-இல் வகுத்த திட்டத்தின்கீழ், அபராதத்துக்கும் ஜாமீன் தொகைக்கும் உதவி பெற இயலும். சட்டம் இருக்கிறது, அதை மாவட்டச் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பெற்றுத் தரும் ஆள்தான் இல்லை.

நமது மஹல்லாவின் கடமை

அந்த ஆள் நமது மஹல்லா ஜமாஅத்தாக இருக்கலாகாதா? குளச்சல், தேங்காய்ப்பட்டணம், தக்கலை, கோட்டாறு, திருவிதாங்கோடு எங்கணும் நமது ஜமாஅத்துகள் திருமணத்தைப் பதிகின்றன, மையித்தை அடக்குகின்றன, ரமளானில் கஞ்சி காய்ச்சுகின்றன. பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே ஒருவன் இடறி விழுந்தால் மட்டும் அவனது பெயர் ஏட்டில் மங்கிப் போவானேன்?

செய்யத்தக்கவை சிலவே. உள்ளே இருப்பவனின் மனைவி மக்களுக்கு மாதச் செலவும் பள்ளிக் கட்டணமும் கிடைக்கச் செய்தல். சொத்துச் சான்று உள்ள இருவர் முன்வந்து, சிறு வழக்குகளில் சிக்கிய ஏழைக்குப் பிணை நிற்றல். விடுதலை நாளில் வாயிலுக்கு ஓர் ஆளை அனுப்புதல். வந்தபின் அவனுக்கு ஒரு தொழிலும், பள்ளிவாசலின் ஸஃப்பில் எல்லாரோடும் நிற்க ஓர் இடமும் தருதல். இதற்கு ஸகாத்தை வழங்கலாமா என வினவுவோர்க்கு ஒரு மஸ்அலா: ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவர். பாவச் செயலுக்காகக் கடன்பட்டவனும் தவ்பாச் செய்துவிட்டால் அவனுக்குக் கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்றமான கருத்து. திருந்தியவனுக்கு ஃபிக்ஹு திறந்து வைத்த கதவை நாம் ஏன் சாத்த வேண்டும்?

பாதிக்கப்பட்டவரை நாம் மறந்துவிட்டதாக எவரும் கருத வேண்டாம். மனிதருக்குரிய ஹக்கை மீட்டுத் தராமல் தவ்பா நிறைவு பெறாது. திருடிய பொருளைத் திருப்பித் தரவும், அடிபட்டவரிடம் மன்னிப்புக் கோரவும் அம்மனிதனை அழைத்துச் செல்வதும் ஜாமீனின் கடமையே. அதனை ஊரறியத் தண்டோரா போட்டுச் செய்யாமல், இரு குடும்பத்தாரின் மானமும் காக்கப்படும்படி செய்வது அறிவுடைமை.

ஆயின், சேனையின் வரலாறு தரும் எச்சரிக்கையையும் நாம் மறக்கலாகாது. உதவி செய்தோம் என்பதற்காக அவனது நடமாட்டத்தை உளவு பார்ப்பதும், கூட்டத்தில் நிறுத்தி உபதேசம் செய்வதும், அவன் மகளுக்கு வரும் சம்பந்தத்தில் பழங்கதையைக் கிளறுவதும், அவன் பிள்ளையைத் தகப்பன் பெயரால் ஏசுவதும் ஜாமீனின் வேலையல்ல. சுவரில்லாத குடியேற்றம் ஒன்றை நாமே நமது தெருவில் கட்டுவதாகவே அது முடியும். மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி புரியாதீர்கள் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸில் வருகிறது. தண்டனை முடிந்தபின் ஊரார் தரும் தண்டனைக்கு மார்க்கத்தில் இடமில்லை.

நபி யூசுப் (அலை) அவர்கள் எகிப்தின் அதிகாரத்தில் அமர்ந்து, பெற்றோரையும் சகோதரர்களையும் வரவேற்றபோது, இறைவன் தம்மைச் சிறையிலிருந்து வெளியேற்றிய பேரருளை எல்லார் முன்னிலையிலும் நினைவுகூர்ந்தார்கள். சிறையிலிருந்ததைச் சொல்ல அவர்கள் நாணவில்லை. ஆனால் சகோதரர்கள் தம்மைத் தள்ளிய கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் நாணக்கூடாது என்பதே அதன் காரணம் என்பர் தப்ஸீர் ஆசிரியர்கள். தன் சிறையை நாணாமல் சொல்லக்கூடிய சபையும், பிறர் குற்றத்தை மறைத்துப் பேசும் நாவும் அமைந்த ஊரில் விடுதலையாகி வருபவன் மீண்டும் மனிதனாகிறான். அத்தகைய ஊர்களாக நமது மஹல்லாக்கள் விளங்க வல்ல நாயன் அருள்புரிவானாக!